குழந்தையின் சூப்பானும் கண்ணுக்குத் தெரியாத கிருமியும்

பிறந்த குழந்தைக்கு உலகத்தை அறிமுகம் செய்துவைக்கும் முதற்பொறி கண் அன்று, வாயே ஆகும். பசித்தால் வாயைத் திறக்கிறது. அச்சம் வந்தால் விரலைச் சூப்பி ஆறுதல் கொள்கிறது. கைக்கு எட்டிய பொருள் எதுவாயினும் அதை வாய்க்கே கொண்டு போகிறது. தாயின் தாலிச்சரடு, மரப்பாச்சியின் தலை, கிலுகிலுப்பையின் பிடி ஆகிய எல்லாவற்றையும் நாவினால் தொட்டுத்தான் அது தெரிந்துகொள்கிறது. இஃது இயற்கை அதற்கு வகுத்துக் கொடுத்த பாடமுறை. அந்தப் பாடத்திற்கென நாம் கொடுக்கும் கருவிகள் தூயனவாக இருக்க வேண்டும். அவற்றுள் ஒன்றாகிய சூப்பானைப் பற்றி இன்று சில செய்திகளைச் சொல்ல விரும்புகிறேன்.

சூப்பான் என்றால் சிலருக்கு உடனே விளங்காமற் போகலாம். கடைகளில் நிப்பிள் என்று கேட்டு வாங்குகிறோமே, அதுதான். பால்புட்டியின் வாயில் மாட்டுவது ஒருவகை. பால் இல்லாமல், அழுகையை அடக்குவதற்காக வெறுமனே வாயில் வைப்பது மற்றொரு வகை. இரண்டும் ரப்பரால் அல்லது சிலிக்கோனால் ஆனவை. இரண்டுக்கும் வரும் கேடு ஒன்றே. அதற்கு மாற்றும் ஒன்றே.

"இது தாய்மார்களுக்குச் சொல்ல வேண்டிய செய்தியாயிற்றே, பள்ளியிலும் கல்லூரியிலும் படிக்கும் எங்களுக்கு எதற்கு?" என்று நீங்கள் வினவலாம். கடலூரிலும் சிதம்பரத்திலும் முப்பத்தைந்து ஆண்டுகள் ஆசிரியனாக இருந்தவன் நான். மாலையில் பள்ளி விட்டதும் தம்பியையோ தங்கையையோ இடுப்பில் தூக்கிக்கொண்டு தெருவில் நிற்கும் மாணவர்களை நாள்தோறும் கண்டிருக்கிறேன். குழந்தையின் வாயிலிருந்து சூப்பான் மண்ணில் விழும்போது தாய் அடுக்களையில் இருப்பாள். அல்லது வேலைக்குப் போயிருப்பாள். குனிந்து அதை எடுப்பவர் அண்ணனோ அக்காளோதான். எடுத்தபின் அந்த ஒரு நொடியில் என்ன செய்கிறோம் என்பதிலேதான் குழந்தையின் நலம் இருக்கிறது. ஆகவே இப்பேச்சு உங்களுக்கு உரியதே.

குழந்தையின் வாய்க்கு ஏதேனும் ஒன்றைக் கொடுத்து அழுகையை அமர்த்துவது புதிய வழக்கம் அன்று. ஐரோப்பாவில் துணியில் சர்க்கரையையோ ரொட்டியையோ முடிந்து, அந்த முடிச்சை ஈரமாக்கிக் குழந்தையின் வாயில் வைப்பார்கள். ஜெர்மானிய ஓவியர் ஆல்பிரெக்ட் டியூரர் 1506-ல் தீட்டிய அன்னையும் சேயும் ஓவியம் ஒன்றில் குழந்தையின் கையில் அத்தகைய துணி முடிச்சைக் காணலாம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ரப்பரைப் பதப்படுத்தும் முறை தெரிந்தபின், 1845-ல் அமெரிக்காவில் புட்டிக்கான ரப்பர்க் காம்புக்குக் காப்புரிமை வழங்கப்பட்டது. நம் நாட்டிலோ பிறந்த குழந்தையின் நாவில் இனிப்பு நீர் தொட்டு வைக்கும் சேனை என்னும் வழக்கம் உண்டு. சேனை வைப்பவரின் குணம் குழந்தைக்கு வரும் என்பது நம்பிக்கை. வசம்பைக் கோத்து வளையலாக்கிக் கையில் கட்டுவார்கள். குழந்தை அதையும் சூப்பும். பால் புகட்டுவதற்குச் சங்கும் பாலாடையும் இருந்தன. பாலாடையைப் பற்றிப் பின்னர்ச் சொல்வேன்.

இவையெல்லாம் அன்பினால் எழுந்த வழக்கங்களே. ஆயினும் அன்பு கிருமியைத் தடுப்பதில்லை. கிருமி என்பது என்ன என்பதை முதலிற் பார்ப்போம்.

ஹாலந்து நாட்டில் டெல்ஃப்ட் நகரில் லீவன்ஹூக் என்னும் துணி வணிகர் வாழ்ந்தார். கண்ணாடி வில்லைகளைத் தாமே தேய்த்து உருப்பெருக்கி செய்வதில் அவர் வல்லவர். 1683-ஆம் ஆண்டு தம் பல்லிடுக்கிலிருந்த வெண்மையான படிவைச் சுரண்டி எடுத்து, நீரிற் கலந்து, அந்த வில்லையின் வழியே நோக்கினார். அதில் எண்ணற்ற சிற்றுயிர்கள் துள்ளித் திரிவதைக் கண்டு வியந்து, லண்டனிலுள்ள ராயல் சங்கத்திற்குக் கடிதம் எழுதினார். நோயற்ற மனிதரின் வாயிலும் கிருமிகள் கோடிக்கணக்கில் குடியிருக்கின்றன என்பதை உலகம் அறியத் தொடங்கியது இவ்வாறுதான். அவற்றுட் பெரும்பாலானவை தீங்கற்றவை. சில நமக்கு நன்மை செய்பவையும் ஆகும். தீங்கு செய்பவை சிலவே. எனினும் எதிர்ப்பாற்றல் முதிராத குழந்தைக்கு அச்சிலவே போதும்.

கிருமியின் அளவு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அதன் வலிமை உருவத்தில் இல்லை, பெருக்கத்தில் இருக்கிறது. வெதுவெதுப்பும் ஈரமும் உணவும் கிடைத்தால், சில வகைக் கிருமிகள் இருபது நிமிடத்திற்கு ஒருமுறை இரண்டாகப் பிளக்கின்றன. இப்பொழுது ஒரு கணக்குப் போடுங்கள். இரவு 10 மணிக்குப் பால் ஒட்டிய சூப்பானில் ஒரே ஒரு கிருமி இருக்கிறது. மணிக்கு மூன்று முறை இரட்டிப்பதாகக் கொண்டால், காலை 6 மணிக்குள் 24 முறை இரட்டிக்கும். விடை 1,67,77,216. உணவு தீர்ந்து போவதாலும் பிற தடைகளாலும் உண்மையில் இப்பெருக்கம் கணக்கைப்போலத் தடையின்றிச் செல்வதில்லை. ஆயினும் மீதிப்பால் ஒட்டிய ரப்பரைச் சித்திரை மாதத்து இரவில் அப்படியே விட்டுவைப்பது எத்தகைய செயல் என்பது இக்கணக்கினால் விளங்கும். கிருமிக்கு வேண்டிய மூன்றும் அங்கே உள்ளன. உணவு பாலில் இருக்கிறது. ஈரம் உமிழ்நீரில் இருக்கிறது. வெப்பத்தை நம் ஊரே தருகிறது.

இனி, கீழே விழுந்த சூப்பானை எடுத்தவர்கள் செய்வது என்ன என்று காண்போம். நான் கண்டவரையில் நான்கு வழக்கங்கள் உள்ளன.

முதல் வழக்கம் ஊதுதல். வாயால் இரண்டு முறை ஊதிவிட்டுக் கொடுத்துவிடுகிறோம். ஊதினால் தூசி போகும். ஈரத்தில் ஒட்டிய கிருமி போகாது. மேலும் ஊதும்போது நம் எச்சில் துளிகளையும் அதன்மேல் தெளிக்கிறோம்.

இரண்டாவது துடைத்தல். தாய் முந்தானையிலும், தந்தை தோள் துண்டிலும், மாணவன் தன் சட்டை ஓரத்திலும் துடைக்கிறார்கள். அந்த முந்தானை அடுப்பில் சூடான பாத்திரத்தைப் பிடித்திருக்கும், வியர்வையை ஒற்றியிருக்கும், மூத்த குழந்தையின் மூக்கையும் துடைத்திருக்கும். கண்ணுக்குத் தெரிந்த மண்ணை அகற்றி, தெரியாத அழுக்கைப் பூசுகிறோம் என்பதே உண்மை.

மூன்றாவது அலசுதல். குடத்து நீரில் ஒரு முக்கு முக்கி எடுத்துக் கொடுக்கிறோம். மற்ற இரண்டையும்விட இது நன்று போலத் தோன்றும். ஆனால் பாலிலுள்ள கொழுப்பும் உமிழ்நீரும் சேர்ந்து ரப்பரின்மேல் மெல்லிய வழுவழுப்பான படலமாக ஒட்டிக்கொள்கின்றன. கிருமிகள் அப்படலத்திற்குள் புதைந்து வாழ்கின்றன. அலசிய நீர் அதன்மேல் வழிந்து ஓடிவிடுகிறது. 'கந்தையானாலும் கசக்கிக் கட்டு' என்றார்கள் நம் முன்னோர். அலசிக் கட்டு என்று சொல்லவில்லை. கசக்கிக் கட்டு என்றே சொன்னார்கள். தேய்த்தாலன்றி அழுக்கு நீங்காது என்பதை ஒரு சொல்லில் அவர்கள் அடக்கிவிட்டார்கள்.

நான்காவது, பெரியவர் தம் வாயில் வைத்துச் சப்பிவிட்டுக் குழந்தைக்குக் கொடுத்தல். இதைப்பற்றி ஒரு சுவையான ஆய்வு உண்டு. சுவீடன் நாட்டுக் கோட்டன்பர்க் நகரில் 184 குழந்தைகளை ஆராய்ந்து 2013-ல் மருத்துவர்கள் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். பெற்றோர் தம் வாயினால் சூப்பானைத் தூய்மை செய்து கொடுத்த குழந்தைகளிடம் ஒவ்வாமையால் வரும் தோல்நோய் குறைவாகக் காணப்பட்டது என்பது அதன் முடிவு. இதைப் படித்துவிட்டு, சப்பிக் கொடுப்பதே நன்று என்று சிலர் சொல்லத் தொடங்கினர். அறிவியல் பயிலும் நீங்கள் அவ்வாறு அவசரப்படலாகாது. இரண்டு நிகழ்ச்சிகள் சேர்ந்து காணப்படுவதாலேயே ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் என்று ஆகிவிடாது. ஆராயப்பட்ட குழந்தைகளும் சிலரே. பற்சொத்தையை உண்டாக்கும் கிருமி தாயின் உமிழ்நீர் வழியாகக் குழந்தைக்குச் செல்லும் என்பதோ பலமுறை நிறுவப்பட்ட செய்தி. சளியும் இருமலும் அவ்வழியே செல்லும். தீமை தெளிவாகவும் நன்மை ஐயமாகவும் இருக்கும் வழியை விட்டுவிடுவதே அறிவுடைமை.

இந்நான்கும் போதா என்பதை வாயாற் சொன்னால் மாணவர் நம்புவதில்லை. கண்ணாற் கண்டால் நம்புவர். ராபர்ட் கோக் என்ற ஜெர்மானிய மருத்துவர் தம் ஆராய்ச்சியின் தொடக்கத்தில் வேகவைத்த உருளைக்கிழங்குத் துண்டுகளின்மேல் கிருமிகளை வளர்த்துக் காட்டினார். அம்முறையை நான் ஒன்பதாம் வகுப்பில் செய்து காட்டுவதுண்டு. கொதிநீரில் இட்டு எடுத்த மூடியுள்ள நான்கு கண்ணாடிப் புட்டிகளை எடுத்துக்கொள்வோம். ஒவ்வொன்றிலும் வேகவைத்த கிழங்குத் துண்டு ஒன்றை வைப்போம். முதல் துண்டை ஒன்றும் செய்வதில்லை. இரண்டாவதில், வகுப்பறைத் தரையில் விழுந்த சூப்பானை ஒற்றி எடுப்போம். மூன்றாவதில், குடத்து நீரில் அலசிய சூப்பானை ஒற்றுவோம். நான்காவதில், சோப்பிட்டுத் தேய்த்துக் கழுவிப் பத்து நிமிடம் கொதிக்கவைத்த சூப்பானை ஒற்றுவோம். பிறகு நான்கையும் இறுக மூடி அலமாரியில் வைத்துவிடுவோம்.

மூன்றாம் நாள் பார்க்கும்போது முதல் துண்டு வைத்தபடியே இருக்கும். இரண்டாவதில் மஞ்சளும் வெள்ளையுமாகப் பொட்டுகள் பூத்திருக்கும். மூன்றாவதிலும் பொட்டுகள் இருக்கும். மாணவர் முகத்தில் வியப்புத் தோன்றுவது இங்கேதான். ஓர் ஆண்டு நான்காவது துண்டின் ஓரத்திலும் இரண்டு பொட்டுகள் தோன்றிவிட்டன. "ஐயா, கொதிக்கவைத்ததில் எப்படி வந்தது?" என்று கேட்டாள் ஒரு மாணவி. நான் விடை கூறுமுன்னே பின் வரிசையிலிருந்த ஒருவன், "கொதிநீரிலிருந்து விரலால்தானே எடுத்தார்கள்?" என்றான். அந்தச் சூப்பானை எடுத்த மாணவன் அப்பொழுதுதான் வெளியில் விளையாடிவிட்டு வந்திருந்தான். கொதிக்கவைத்த பொருளும் கழுவாத கை பட்டால் கொதிக்கவைக்காத பொருளே என்னும் பாடத்தை அன்று வகுப்பே எனக்குப் பதிலாக நடத்திவிட்டது. இச்சோதனையை நீங்களும் ஆசிரியரின் மேற்பார்வையில் செய்து பார்க்கலாம். ஆனால் புட்டியைத் திறவாமல் வெளியிலிருந்தே காணவேண்டும். முடிந்தபின் கொதிநீரில் வேகவைத்துப் புதைத்துவிட வேண்டும்.

நிற்க. செய்ய வேண்டிய முறை யாது? அதனை ஐந்து படிகளாகச் சொல்லலாம். ஒன்று தவறினாலும் மற்ற நான்கின் பயன் குறைந்துவிடும். ஆகவே வரிசையையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதற்படி, கை கழுவுதல். சோப்பிட்டு, விரலிடுக்கும் நகக்கண்ணும் தேய்த்துக் கழுவ வேண்டும்.

இரண்டாம் படி, சூப்பானைத் தேய்த்துக் கழுவுதல். சிறிது சோப்பும் வெந்நீரும் கொண்டு உள்ளும் புறமும் தேய்க்க வேண்டும். பால்புட்டியின் காம்பை உட்புறம் வெளியே வரும்படி திருப்பிக் கழுவுவது அவசியம். பால் திரிந்து ஒட்டியிருப்பது பெரும்பாலும் அங்கேதான். கழுவாமல் கொதிக்கவைத்தால் அழுக்குப் படலம் வெந்து ரப்பரோடு இறுகிவிடும். அதனால் கழுவுதல் முன்னும் கொதித்தல் பின்னுமாக இருக்க வேண்டும்.

மூன்றாம் படி, கொதிக்கவைத்தல். இதற்கென ஒரு சிறு பாத்திரத்தை ஒதுக்கிக்கொள்க. அடியில் ரப்பர் ஒட்டாதவாறு ஒரு தூய துணியை விரித்து, சூப்பான் முழுதும் மூழ்கும்படி நீர் விட வேண்டும். நீர் தளதளவென்று கொதிக்கத் தொடங்கியபின் ஐந்து முதல் பத்து நிமிடம் கொதிக்க விடுங்கள். எரிபொருள் மிச்சப்பட வேண்டும் என்றால் காலையில் இட்லி எடுத்தபின், அதே பானையில் தட்டின்மேல் சூப்பானை வைத்து மூடிப் பத்து நிமிடம் ஆவியில் வைத்தாலும் பயன் உண்டு. ஆறு மாதம் நிறையாத குழந்தைக்கு இது நாள்தோறும் வேண்டும். அதன்பின் நோயற்ற குழந்தைக்கு ஒவ்வொரு முறையும் சோப்பிட்டுக் கழுவுவதே பெரும்பாலும் போதும் என்பர் மருத்துவர்.

நான்காம் படி, ஆறவைத்து உலர்த்துதல். சூப்பானின் குமிழுக்குள் கொதிநீர் தங்கியிருப்பதுண்டு. அதைப் பிழிந்து வெளியேற்றாமல் குழந்தைக்குக் கொடுத்தால் வாய் வெந்துவிடும். நன்றாக ஆறியபின் பிழிந்து நீரை அகற்றி, துணியால் துடைக்காமல் காற்றில் உலரவிட வேண்டும். ஈரம் நீங்கினால் கிருமியின் பெருக்கம் நிற்கும்.

ஐந்தாம் படி, மூடி வைத்தல். மூடியுள்ள தூய பாத்திரத்தில் இரண்டு மூன்று சூப்பான்களை ஆயத்தமாக வைத்திருப்பது நன்று. ஒன்று விழுந்தால் அதைத் தனியே வைத்துவிட்டு மற்றொன்றைக் கொடுக்கலாம். ஊதவும் துடைக்கவும் அலசவும் சப்பவும் நேரும் அவசரம் அப்பொழுது எழாது.

இவற்றோடு சில எச்சரிக்கைகளும் உண்டு. ரப்பரை அடிக்கடி கொதிக்கவைத்தால் அது பிசுபிசுத்துப் பருத்துவிடும். கொடுக்குமுன் ஒவ்வொரு முறையும் இழுத்துப் பார்க்க வேண்டும். வெடிப்பு இருந்தாலும் நிறம் மாறியிருந்தாலும் எறிந்துவிட வேண்டும். வெடிப்பு கிருமியின் வீடு. மேலும் பிய்ந்த துண்டு குழந்தையின் தொண்டையை அடைத்துவிடும். சூப்பானைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் மாட்டுவது பெருந்தவறு. தூளியில் புரளும்போது அக்கயிறே சுருக்காகிவிடக்கூடும். தேனில் தோய்த்துக் கொடுப்பதும் கூடாது. தேனில் சில வேளை ஒருவகைக் கிருமியின் வித்து இருப்பதும், அது குழந்தையின் குடலில் முளைத்து நச்சை உண்டாக்கித் தசைகளைச் செயலற்றவையாக்குவதும் அமெரிக்காவில் கண்டறியப்பட்டன. அவ்வித்து கொதிநீருக்கும் அழியாது. ஆகையால் ஓர் ஆண்டு நிறையும்வரை குழந்தைக்குத் தேன் எவ்வகையிலும் வேண்டா.

இவ்வளவு தொல்லை எதற்கு, தொல்லையில்லாத கருவி ஒன்று இல்லையா என்று நீங்கள் கேட்கலாம். அந்தக் கேள்விக்கு விடை காண ஒரு பழைய செய்தி துணைசெய்யும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்திலும் பிரான்சிலும் ஒருவகைப் பால்புட்டி பரவியிருந்தது. புட்டியின் வாயிலிருந்து நீண்ட ரப்பர்க் குழாய் ஒன்று செல்லும். அதன் முனையில் காம்பு இருக்கும். புட்டியைத் தொட்டிலில் வைத்துவிட்டால் குழந்தை தானே உறிஞ்சிக் குடிக்கும். தாய்க்கு வேலை மிச்சம். ஆனால் அந்த நீண்ட குழாயின் உட்புறத்தைத் தேய்க்கவும் முடியாது, பார்க்கவும் முடியாது. அங்கே பால் திரிந்து கிருமிகள் மலிந்தன. குழந்தைகள் பேதியால் மாண்டன. மக்கள் அதற்குக் கொலைப்புட்டி என்றே பெயரிட்டார்கள். பிரான்சு நாடு 1910-ல் சட்டம் இயற்றி அதைத் தடைசெய்தது. பார்க்க முடியாத இடத்தைத் தூய்மை செய்ய முடியாது என்பதே அந்தச் செய்தி நமக்குக் கற்பிக்கும் பாடம்.

இப்பாடத்தை மனத்திற்கொண்டு நம் பாலாடையைப் பாருங்கள். சிறிய திறந்த கிண்ணம், ஒரு பக்கம் நீண்ட மூக்கு, அவ்வளவுதான். மூலை இல்லை, குழாய் இல்லை, திருகு மூடி இல்லை. ஒரு விரல் உள்ளே சென்று எல்லா இடத்தையும் தேய்த்துவிடும். ஒரு பார்வையில் அழுக்குத் தெரிந்துவிடும். எவர்சில்வராலோ வெள்ளியாலோ ஆனதாகையால் எத்தனை முறை கொதிக்கவைத்தாலும் கெடாது. பழைய பொருள் என்பதற்காக மட்டும் நான் அதைப் போற்றவில்லை. கிண்ணம், பாலாடை, புட்டி ஆகிய மூன்றையும் ஒப்பிட்டு இந்திய மருத்துவர்கள் செய்த ஆய்வு 1999-ல் வெளியாயிற்று. பாலாடையில் புகட்டிய குழந்தைகள் குறைந்த நேரத்தில் மிகுதியான பாலை அமைதியாகக் குடித்தன என்று அது கூறிற்று. குறைமாதத்தில் பிறந்து தாயின் மார்பில் சப்ப இயலாத குழந்தைகளுக்குத் தாய்ப்பாலைக் கறந்து பாலாடையால் புகட்டும் முறையை நம் மருத்துவமனைகள் இன்றும் கையாளுகின்றன. சிதம்பரத்தின் தேரோடும் வீதிகளிலும் கடலூரின் மஞ்சக்குப்பத்திலும் உள்ள பாத்திரக் கடைகளில் கேட்டால் கிடைக்கும் பொருள் அது.

நம் மாவட்டத்தில் வாழ்வோர்க்கு இச்செய்தி ஏன் தலையாயது என்பதற்குத் தனிக் காரணம் ஒன்று உண்டு. தென்பெண்ணையும் கெடிலமும் வெள்ளாறும் கொள்ளிடமும் கடலை அடையும் தாழ்நிலம் இது. 2004 டிசம்பர் 26-ஆம் நாள் கடல் பொங்கி வந்து தேவனாம்பட்டினம் முதல் கிள்ளைவரை கரையோர ஊர்களை அழித்தது. 2011 டிசம்பர் 30-ஆம் நாள் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை கடந்தது. 2015 நவம்பர், டிசம்பர் மாதங்களில் பெருவெள்ளம் ஊர்களைச் சூழ்ந்தது. இத்தகைய நாட்களில் கிணறும் குழாயும் சாக்கடையும் ஒன்றாகிவிடுகின்றன. விறகு நனைகிறது, அடுப்பு எரிவதில்லை. சூப்பானைக் கொதிக்கவைக்க நீருக்கும் நெருப்புக்கும் எங்கே போவது?

2015-ல் நான் பணியாற்றிய பள்ளியின் வகுப்பறைகள் நிவாரண முகாமாயின. அங்கே ஏழு மாதக் குழந்தையோடு ஒரு தாய் வந்திருந்தாள். இரக்கமுள்ள எவரோ பால்மாவும் புட்டியும் கொடுத்திருந்தார்கள். எல்லோரும் கைவிட்டு மொண்ட வாளி நீரிலேயே அந்தப் புட்டியின் காம்பும் அலசப்பட்டது. மூன்றாம் நாள் குழந்தைக்குப் பேதி கண்டது. மாலைக்குள் கண்கள் குழிந்தன. அழுதால் கண்ணீர் வரவில்லை. முகாமுக்கு வந்த கிராம சுகாதாரச் செவிலியர் உப்புச் சர்க்கரைக் கரைசலைக் கரண்டியால் சிறிது சிறிதாகப் புகட்டிக்கொண்டே ஆம்புலன்ஸை வரவழைத்தார். குழந்தை பிழைத்தது. திரும்பி வந்த தாயிடம் செவிலியர் புட்டியை வாங்கி அப்புறம் வைத்துவிட்டு, தாய்ப்பாலை விடாமல் கொடுக்கும்படியும், வேறு எதுவாயினும் பாலாடையில் புகட்டும்படியும் சொன்னார். "புட்டியை நீ கழுவினாயா என்று நான் கேட்கவில்லை அம்மா, இந்தத் தண்ணீரில் யார் கழுவினாலும் அது சுத்தமாகாது" என்று அவர் கூறிய சொற்கள் இன்னும் என் செவியில் இருக்கின்றன.

அவர் கூறியதற்கு உலக அனுபவமும் சான்று. 2006 மே மாதம் இந்தோனேசியாவில் யோக்யகர்த்தா பகுதியில் பெரும் நிலநடுக்கம் நேர்ந்தது. அங்கே நன்கொடையாகப் பால்மா பெற்ற குடும்பங்களின் குழந்தைகளுக்கு, பெறாத குடும்பங்களின் குழந்தைகளைவிட ஏறத்தாழ இருமடங்கு பேதி கண்டது என்று பின்னர் ஆராய்ந்தவர்கள் தெரிவித்தார்கள். கொடுத்தவர்களின் நெஞ்சில் குற்றம் இல்லை. கழுவ நீர் இல்லாத இடத்தில் கழுவியே தீரவேண்டிய பொருளைக் கொடுத்ததே குற்றம். புட்டிகளையும் பால்மாவையும் விளம்பரம் செய்வதை நம் நாட்டில் 1992-ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. 2003-ல் அது மேலும் இறுக்கப்பட்டது. அதன் நோக்கத்தை இப்பொழுது நீங்கள் உணரலாம்.

பேதி கண்ட குழந்தை இறப்பது பெரும்பாலும் உடல்நீர் வற்றுவதால்தான். 1971-ல் வங்கதேச அகதிகள் முகாமில் காலரா பரவியபோது, திலீப் மகலாநபீஸ் என்னும் மருத்துவர் உப்பும் சர்க்கரையும் கலந்த நீரை வாய்வழியே புகட்டி ஆயிரக்கணக்கானோரைக் காத்தார். அந்தக் கரைசல் இன்று ஆரம்ப சுகாதார நிலையங்களில் பொட்டலமாகக் கிடைக்கிறது. பேதி தொடங்கியவுடன் அதைப் புகட்டத் தொடங்குவதும், தாய்ப்பாலை நிறுத்தாமலிருப்பதும், தாமதமின்றி மருத்துவரிடம் செல்வதும் நீங்கள் மறவாது கொள்ள வேண்டிய மூன்று செயல்கள்.

இறுதியாக, சூப்பான் வேண்டுமா வேண்டாவா என்னும் வினா எஞ்சி நிற்கிறது. ஒரு சாரார் கூற்றை மட்டும் சொல்வது ஆசிரியனுக்கு அழகன்று. தூங்கும்போது சூப்பான் கொடுத்தால், காரணம் தெரியாமல் உறக்கத்தில் நேரும் மரணங்கள் குறைகின்றன என்று கருதி, அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 2005 முதல் அதற்கு இடங்கொடுத்து வருகிறது. மறுபுறம், சூப்பானைக் குறைத்துக்கொண்ட குழந்தைகளுக்குக் காதுநோய் குறைந்தது என்று 2000-ல் வெளியான பின்லாந்து ஆய்வு ஒன்று கூறுகிறது. தாய்ப்பால் குடிக்கும் பழக்கம் நிலைபெறுமுன் சூப்பானைக் கொடுத்தால் குழந்தை தாயின் மார்பை மறுக்கக்கூடும் என்பதும், தூய்மை கெட்டால் வாயில் வெண்புண் உண்டாகும் என்பதும் மருத்துவர் கூறும் எச்சரிக்கைகள். ஆறு மாதம்வரை தாய்ப்பால் ஒன்றே போதும் என்பதில் மட்டும் எவரிடத்திலும் கருத்து வேற்றுமை இல்லை. கொடுப்பதா, வேண்டாவா என்பதைப் பெற்றோர் மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்யட்டும். கொடுப்பதென்று முடிவாகிவிட்டால், அதைத் தூய்மையாகக் கொடுப்பது வீட்டிலுள்ள அனைவரின் கடமை.

மாணவர்களே, அழும் குழந்தைக்குச் சூப்பானைக் கொடுக்குமுன் அது எதற்காக அழுகிறது என்று ஒரு கணம் பாருங்கள். பசியா, ஈரத்துணியா, எறும்புக் கடியா என்று தேடுங்கள். பல வேளைகளில் அதற்கு வேண்டியது ரப்பர் அன்று. தூக்கிக்கொள்ள ஒரு கை. சூப்பான்தான் வேண்டும் என்று தெரிந்தால், மூடி வைத்த பாத்திரத்திலிருந்து, கழுவிய கையால் எடுத்துக் கொடுங்கள். கீழே விழுந்தது எவ்வளவு வெள்ளையாகத் தோன்றினாலும், அது கொதிநீரைக் கண்டு வரும்வரை குழந்தைக்கு உரியது அன்று.